வெறுவெளியில் ஒரு வீடு: கலூகா ஆசிரியர் சியோல்கோவ்ஸ்கி

1908ஆம் ஆண்டின் இளவேனிற் காலத்தில், பனி உருகிப் பெருகிய ஓக்கா நதி கரை கடந்து கலூகா நகரின் தாழ்வான தெருக்களுக்குள் புகுந்தது. மொஸ்கோவுக்குத் தென்மேற்கே உள்ள அந்தச் சிறு நகரில், நதிக்கு அண்மையில் நின்ற ஒரு மரவீட்டினுள்ளும் வெள்ளம் ஏறியது. வீட்டுக்குரியவர் ஒரு பள்ளி ஆசிரியர். வயது ஐம்பது. செவிப்புலன் பெரும்பாலும் இழந்தவர். அந்த வீட்டைச் சொந்தமாக வாங்கி நான்கு ஆண்டுகளே ஆகியிருந்தன. அவர் பல காலமாக எழுதிச் சேர்த்த கைப்பிரதிகளும், கணக்கேடுகளும், ஆகாயக் கப்பல்களுக்கெனச் செய்து வைத்திருந்த மாதிரிகளும் நீரில் பழுதடைந்தன. அதற்கு இருபத்தொரு ஆண்டுகளுக்கு முன்னர், வேறோர் ஊரில், அவர் குடியிருந்த வீட்டைத் தீ உண்டு நூல்களையும் வரைபடங்களையும் கொண்டு போயிருந்தது. ஒரு வீட்டை நெருப்புக்கும் மற்றொரு வீட்டை நீருக்கும் கொடுத்தவர் அவர்.

வெள்ளம் வடிந்த பின்னர் அக்குடும்பம் வீட்டின்மேல் ஒரு மாடியை எழுப்பியது. மாடியறையிலிருந்து கூரைக்குச் செல்ல ஒரு சிறு கதவு வைக்கப்பட்டது. விண்வெளிக்குத் திறக்கும் கதவு என்று வீட்டார் அதனை வேடிக்கையாகக் குறிப்பிடுவர்.

கொன்ஸ்தாந்தின் எதுவார்தோவிச் சியோல்கோவ்ஸ்கி என்ற அந்த ஆசிரியரை ரொக்கெட் இயலின் தந்தையர்களுள் ஒருவராக உலகம் அறியும். எங்கள் ஊர் நூல்நிலையங்களில் கிடந்த சோவியத் நூல்களின் வழியே, வெண்தாடியும் மூக்குக்கண்ணாடியுமான அவருடைய முகம் நம்மில் பலருக்குச் சிறுவயதிலேயே பழக்கமானது. ஆயினும் அந்நூல்கள் அவரை அதிகமாகப் போற்றியது, பூமியை விட்டுப் போகும் வழியைக் கண்டறிந்தவர் என்பதற்காகவே. போவது எப்படி என்ற கேள்வி அவருடைய உழைப்பின் ஒரு பாதிதான். போன இடத்தில் எதை மூச்சாக இழுப்பது, எதை உண்பது, கழிவை என்ன செய்வது, எத்தனை காலம் அங்கே இருக்க முடியும் என்பன மறுபாதி. இந்த மறுபாதியை அவருக்கு முன்னர் எவரும் இவ்வளவு விரிவாகக் கணக்கிட்டுப் பார்த்ததில்லை. இக்கட்டுரை பெரிதும் அதைப் பற்றியது.

அவர் பிறந்தது 1857 செப்டெம்பர் 17ஆம் திகதி, ரியாசான் மாகாணத்தின் இஷேவ்ஸ்கொயே என்னும் கிராமத்தில். தந்தை போலந்து வழியில் வந்தவர், வன இலாகாவில் ஊழியம் பார்த்தவர். தாயார் ருஷ்யர். ஏறத்தாழப் பத்து வயதில் செங்காய்ச்சல் கண்டு சிறுவன் பிழைத்தான். ஆனால் காது பெரும்பாலும் போய்விட்டது. பின்னர் குடும்பம் வியாத்கா நகருக்குக் குடிபெயர்ந்தது. அங்கே 1870இல் தாயும் இறந்தார். ஆசிரியர் சொல்வது கேளாத பிள்ளைக்கு வகுப்பறையால் என்ன பயன்? சில ஆண்டுகளில் பள்ளிப்படிப்பு நின்றது. அதன்பின் எந்தக் கல்விக்கூடத்திலும் அவர் மாணவராக அமர்ந்ததில்லை.

மகனுடைய கைவேலைத் திறனைக் கண்ட தந்தை, 1873இல் பதினாறு வயதினனை மொஸ்கோவுக்கு அனுப்பினார். மாதந்தோறும் பத்து முதல் பதினைந்து ரூபிள் வரை வீட்டிலிருந்து வரும். அதில் உணவுக்கு அவர் செலவிட்டது 90 கொப்பெக் மட்டுமே. மூன்று நாளைக்கு ஒருமுறை ரொட்டிக்கடைக்குச் சென்று ஒன்பது கொப்பெக்குக்குக் கறுப்பு ரொட்டி வாங்குவார். ரொட்டியும் தண்ணீருமே ஆகாரம். மிகுதிப் பணம் நூல்களுக்கும், குழாய்களுக்கும், பாதரசத்துக்கும், கந்தக அமிலத்துக்கும் போயிற்று. பகலெல்லாம் இலவசப் பொது நூல்நிலையத்தில் கழிந்தது. அங்கு நூலகராக இருந்த நிக்கொலாய் ஃபியோதொரோவ், அந்த ஏழை இளைஞனுக்கு வேண்டிய நூல்களைத் தாமே எடுத்துக் கொடுத்து உதவியவர். இறந்தோர் அனைவரையும் அறிவியலால் உயிர்ப்பித்து விண்ணுலகங்களில் குடியேற்ற வேண்டும் என்று நம்பிய விசித்திரச் சிந்தனையாளர் அவர். இளைஞனுக்கோ அவர் அன்பான நூலகர் மாத்திரமே. மூன்று ஆண்டுகள் இவ்வாறு கழிந்தன. மகன் அரைப்பட்டினி கிடப்பதை அறிந்த தந்தை 1876இல் அவரை வீட்டுக்கு அழைத்துக்கொண்டார்.

ஒரு மனிதனுக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு ரொட்டி, எவ்வளவு நீர், எவ்வளவு காற்று போதும் என்னும் கணக்கைப் பிற்காலத்தில் அவர் அத்தனை சரளமாகப் போட்டதற்கு இந்த மொஸ்கோ வாழ்வும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று எனக்குத் தோன்றுவதுண்டு. மிகக் குறைந்ததைக் கொண்டு உயிர் வாழ்வது எப்படி என்பதைத் தம் உடம்பிலேயே அவர் பரிசோதித்து முடித்திருந்தார்.

1879இல் ஆசிரியர் தகுதிப் பரீட்சையில் தேறி, அடுத்த ஆண்டில் பொரொவ்ஸ்க் என்னும் சிற்றூரில் கணித ஆசிரியரானார். அவ்வாண்டிலேயே வர்வாரா சொக்கொலோவா என்னும் பெண்ணை மணந்தார். காதலுக்காக மணக்கவில்லை, தம் வேலைக்குக் குறுக்கே வராத துணை வேண்டும் என்றே மணந்ததாக முதுமையில் அவரே ஒளிக்காமல் எழுதி வைத்தார். அந்த அம்மையார் ஏழு பிள்ளைகளைப் பெற்று, சொற்பச் சம்பளத்தில் அடுப்பெரித்து, ஐம்பத்தைந்து ஆண்டுக் காலம் அந்த வீட்டைத் தாங்கினார். சியோல்கோவ்ஸ்கியின் வரலாற்றை எழுதுவோர் பலர் வர்வாராவை ஒரு வரியில் கடந்து போவதுண்டு.

பொரொவ்ஸ்கில் நல்ல நூல்நிலையம் இல்லை, கலந்துரையாட அறிஞரும் இல்லை. அங்கிருந்து 1881இல் வாயுக்களின் இயக்கக் கொள்கை பற்றி ஓர் ஆய்வை எழுதித் தலைநகரின் அறிவியற் கழகத்துக்கு அனுப்பினார். மெண்டலீவிடமிருந்து பதில் வந்தது. ஆய்வு சரியானதே. ஆனால் அது இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன்னரே கண்டுபிடிக்கப்பட்டுவிட்டது. பல்கலைக்கழகச் சூழலில் இருந்து பழகியவர்களுக்கு இந்தச் செய்தியின் கொடுமை உடனே புலப்படும். ஒருவர் தனியாக, உலகத் தொடர்பின்றி, மற்றவர்கள் முடித்துவிட்ட வேலையை மறுபடி செய்து முடித்திருக்கிறார். அவர் மனம் உடைந்து போகவில்லை. பிறர் இன்னும் தொடாத ஒரு வயலைத் தேடிக்கொண்டார்.

1883இல் அவர் நாட்குறிப்பு வடிவில் ஒரு கைப்பிரதி எழுதினார். அதற்குச் சுயாதீன வெளி என்று பெயரிட்டார். அவர் இறந்து பல ஆண்டுகளுக்குப் பிறகே அது அச்சேறியது. ஈர்ப்பின் பிடி உணரப்படாத இடத்தில் மேல் எது, கீழ் எது? நடப்பது எவ்வாறு? கையிலிருந்து விட்ட பொருள் எங்கே போகும்? ஒருவர் மற்றவரைத் தள்ளினால் என்ன ஆகும்? எவரும் அனுபவித்திராத நிலையை நியூட்டனின் விதிகளை மட்டும் பற்றிக்கொண்டு அவர் படிப்படியாக விவரித்தார். காகரின் பூமியைச் சுற்றி வந்தது அதற்கு 78 ஆண்டுகளின் பின்னர், 1961இல்.

1892இல் கலூகாவுக்கு மாற்றலாகி வந்தார். பகலில் பாடம் சொல்வார், பெண்கள் பள்ளியொன்றில் பௌதிகமும் கற்பித்தார். இரவில் எழுதுவார். 1897இல் ருஷ்யாவின் முதற் காற்றுச் சுரங்கங்களுள் ஒன்றைத் தாமே அமைத்தார். 1900இல் அறிவியற் கழகம் 470 ரூபிள் உதவித்தொகை அளித்தது. வேகமாகப் புறப்படும் ஊர்தியில் உடம்பு எவ்வளவு அழுத்தத்தைத் தாங்கும் என்று அறிய, கரப்பான் பூச்சிகளையும் கோழிக்குஞ்சுகளையும் சுழலும் கருவியில் வைத்துச் சுற்றினார். கரப்பானின் நிறை 300 மடங்காகவும் குஞ்சின் நிறை 10 மடங்காகவும் கூடியும் அவை உயிரோடிருந்தன.

பிறகு 1903 வந்தது. அறிவியல் விமர்சனம் என்ற மாசிகையின் மே இதழில், எதிர்த்தாக்கக் கருவிகளால் உலக வெளிகளை ஆராய்தல் பற்றிய அவருடைய கட்டுரை வெளியாயிற்று. ரொக்கெட்டின் வேகம், வெளியேறும் வாயுவின் வேகத்தையும் தொடக்கத் திணிவுக்கும் இறுதித் திணிவுக்கும் இடையிலான விகிதத்தையும் பொறுத்தது என்னும் சமன்பாடு அதில் உண்டு. திரவ ஒட்சிசனையும் திரவ ஐதரசனையும் எரிபொருளாக்கலாம் என்ற யோசனையும் உண்டு. வாசித்தவர் வெகு சிலர். அடுத்த மாதமே அவ்விதழின் ஆசிரியர் தம் பரிசோதனைச் சாலையில் இறந்து கிடந்தார். இதழும் நின்றது. கட்டுரையின் இரண்டாம் பகுதி எட்டு ஆண்டுகள் காத்திருந்து, 1911இல் வேறோர் இதழில் வெளிவரத் தொடங்கியது.

அந்த இரண்டாம் பகுதியிலும் 1926ஆம் ஆண்டின் விரிவான பதிப்பிலும்தான் வெறுவெளி வீட்டின் கணக்கு உள்ளது. அவருடைய சிந்தனை மிக எளிமையானது. மனிதன் ஒட்சிசனை உட்கொண்டு காபனீரொட்சைட்டை வெளிவிடுகிறான். செடி ஒளியில் அதையே திருப்பிச் செய்கிறது. மனிதக் கழிவு செடிக்கு உரம், செடி மனிதனுக்கு உணவு. வெளியிலோ சூரியன் மறைவதில்லை, முகிலும் இல்லை. ஆகவே கண்ணாடிச் சுவரிட்டு இறுக மூடிய தோட்டமொன்றை ஊர்தியோடு இணைத்தால், பூமியில் நடைபெறும் பெருஞ்சுழற்சியைச் சிறு பெட்டிக்குள் நடத்திவிடலாம். செடிகளுக்கு அடர்ந்த காற்று தேவையில்லையாதலால் தோட்டத்தின் சுவர்கள் மெல்லியனவாக இருக்கலாம் என்றும் கண்டார். வெப்பத்தைச் சீராக்க ஒரு புறத்தைக் கருமையாகவும் மறு புறத்தைப் பளபளப்பாகவும் வைத்துத் தேவைக்கேற்பத் திருப்பலாம். வெளியே போக இரட்டைக் கதவறை, காற்றடைத்த உடுப்பு, மிதந்து போய்விடாமலிருக்கக் கயிறு. நிறையின்மை தீங்கு செய்யுமாயின் வீட்டைச் சுழலவிட்டுச் செயற்கை ஈர்ப்பைப் பெறலாம். தாமே வகுத்த பதினாறு படிகளில், இறுதிப் படியாகச் சூரியன் அணையும் காலத்தில் மனிதர் வேறு சூரியர்களை நாடிச் செல்வதையும் எழுதி வைத்தார்.

இவற்றுட் பல பின்னர் அவர் சொன்னபடியே நிகழ்ந்தன. எனினும் ஒவ்வோர் இனத்திலும் உலகம் அவருடைய கணக்கைவிட முரட்டுத்தனமாக இருந்தது. சூரியனை நோக்கிய ஒரு சதுர மீற்றர் தோட்டம் ஒரு மனிதனுக்கு உணவளிக்கும் என்று அவர் நம்பினார். சைபீரியாவின் கிரஸ்னொயார்ஸ்க் நகரில், நிலத்துக்கடியில் 315 கன மீற்றர் கொள்ளளவுடன் அமைத்த மூடிய இல்லத்தில் 1972-73இல் மூவர் 180 நாட்கள் தங்கிப் பார்த்தனர். கோதுமையும் மரக்கறியும் விளைந்தன, பாசிகளும் வளர்க்கப்பட்டன. காற்று முழுவதும் மீண்டது, நீரில் பெரும்பகுதி மீண்டது. உணவில் ஒரு பங்கை மட்டும் வெளியிலிருந்து கொண்டு செல்லவே வேண்டியிருந்தது. ஒருவர் சுவாசிக்கத் தேவையான ஒட்சிசனுக்கே எட்டுச் சதுர மீற்றர் பாசி தேவைப்பட்டது. ஒருவருடைய முழு உணவுக்கு நாற்பது ஐம்பது சதுர மீற்றர் வேண்டும் என்பது பிற்கால ஆய்வாளர் மதிப்பீடு.

அமெரிக்காவின் அரிசோனாப் பாலைவனத்தில் 1991 முதல் 1993 வரை எட்டுப் பேர் கண்ணாடிக் கூரையின்கீழ் இரண்டு ஆண்டுகள் அடைபட்டு வாழ்ந்தனர். ஏறத்தாழ மூன்று ஏக்கர் பரப்பு, காடு, வயல், சிறு கடல் எல்லாம் உண்டு. இருந்தும் காற்றிலிருந்த ஒட்சிசன் 21 சதவீதத்திலிருந்து 14 சதவீதத்துக்குச் சரிந்தது. வளமான மண்ணின் நுண்ணுயிர்கள் ஒட்சிசனை உண்டன. அவை வெளிவிட்ட காபனீரொட்சைட்டைக் கட்டடத்தின் கொங்கிறீற்று உறிஞ்சிக்கொண்டது. செடிகளுக்குச் சேர வேண்டியது சுவருக்குப் போயிற்று. இறுதியில் வெளியிலிருந்து ஒட்சிசன் ஏற்ற வேண்டியதாயிற்று. சியோல்கோவ்ஸ்கியின் பெட்டியில் மனிதனும் செடியுமே இருந்தனர். மண்ணும் சுவரும் கூட மூச்சு விடும் என்பதை அவர் எண்ணியிருக்கவில்லை.

உடம்பின் கணக்கு இன்னும் கடினம். 1970இல் சோயுஸ் 9 விண்கலத்தில் ஏறத்தாழ 18 நாட்கள் தங்கிய நிக்கொலாயெவும் செவஸ்தியானொவும் பூமிக்குத் திரும்பியபோது தாமாக எழுந்து நிற்கவே இடர்ப்பட்டனர். நாள்தோறும் பல மணி நேரம் உடற்பயிற்சி செய்யாவிடில், உடலைத் தாங்கும் எலும்புகள் மாதமொன்றுக்கு ஒரு சதவீதமோ அதற்கு மேலோ தேயும் என்பது பின்னர் தெளிவாயிற்று. குருதியும் நீரும் தலைப்பக்கம் ஏறுவதால் சிலருக்குக் கண்ணின் பின்புறம் வீங்கிப் பார்வை மாறுகிறது. மருத்துவரான வலேரி பொல்யாக்கொவ், மீர் நிலையத்தில் 1994 ஜனவரி முதல் 1995 மார்ச் வரை தொடர்ச்சியாக 437 நாட்கள் தங்கினார். இறங்கியதும் அருகிலிருந்த கதிரைக்குத் தாமே நடந்து சென்று காட்டினார். செவ்வாய்க்குப் போய்ச் சேர்கிறவர்கள் அங்கே தூக்கிவிட ஆளின்றியே எழுந்து நிற்க வேண்டியிருக்கும் என்பதுதான் அந்த நடையின் பொருள்.

சுழலும் வீடு இன்றுவரை கட்டப்படவில்லை. நிமிடத்துக்கு இரண்டு சுற்று மட்டும் சுழன்று பூமிக்கு நிகரான ஈர்ப்பைத் தர வேண்டுமாயின், அதன் ஆரை 220 மீற்றருக்கு மேல் இருக்க வேண்டும். சிறிய வீட்டை வேகமாகச் சுழற்றினால் உள்ளிருப்போருக்குத் தலை சுற்றும். கதிர்வீச்சோ அவருடைய 1903ஆம் ஆண்டுக் கட்டுரையில் இடம்பெற்றிருக்கவே முடியாதது. அண்டக் கதிர்களை ஹெஸ் பலூனில் ஏறிக் கண்டறிந்தது 1912இல். விண்வெளி நிலையத்தில் ஆறு மாதம் இருப்பவர், பூமியில் ஏறத்தாழ முப்பது ஆண்டுகளில் இயற்கையாகப் பெறும் கதிர்வீச்சைப் பெறுகிறார். பூமியின் காந்தப் புலத்தைத் தாண்டிச் செவ்வாய்க்குச் சென்ற ஆய்வுக்கலமொன்று 2011-12இல் வழியில் அளந்தது, நாளொன்றுக்கு 1.8 மில்லி சீவேர்ட். அது நிலையத்தில் இருப்பதைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு.

இவற்றையெல்லாம் அவருடைய தவறுகள் என்று பட்டியலிடுவது நியாயமாகாது. ஓக்கா நதிக்கரையில் விளக்கொளியில் இருந்து எழுதிய ஒருவர், பின்வந்தவர்கள் எவ்வினாக்களுக்கு விடை தேட வேண்டும் என்பதை வரிசையாகக் கேட்டு வைத்தார். 1982இல் சல்யூத் 7 நிலையத்தில் அரபிடொப்சிஸ் என்னும் சிறு செடி முளைத்து, பூத்து, விதை ஈன்றது. 2015இல் சர்வதேச விண்வெளி நிலையத்தில் விளைந்த கீரையை வீரர்கள் உண்டனர். அந்நிலையத்தின் கருவிகள் சிறுநீரும் வியர்வையும் உட்பட நீரில் 98 சதவீதத்தை மீட்டெடுத்ததாக 2023இல் அறிவிக்கப்பட்டது. அவருடைய பெட்டி சிறிது சிறிதாக மூடிக்கொண்டு வருகிறது.

ஆனால் அவர் கணக்கிலெடுக்காத வேறொன்று உண்டு. அது அவருடைய சொந்த வீட்டுக்குள்ளேயே இருந்தது.

ஒரு மகன் கைக்குழந்தையாக இருக்கையிலேயே இறந்தான். மொஸ்கோப் பல்கலைக்கழகத்தில் பயின்ற மூத்த மகன் இக்னாத்தி 1902இல் தன்னுயிரை மாய்த்துக்கொண்டான். புகழ் பெற்ற அந்தக் கட்டுரை மறு ஆண்டில் வெளியானது. மூத்த மகள் லியுபோவ் 1911இல் புரட்சி இயக்கத் தொடர்புக்காகக் கைதானார். உள்நாட்டுப் போரும் பஞ்சமும் சூழ்ந்த 1919இல் இன்னொரு மகன் இவான் இறந்தான். அவ்வாண்டு நவம்பரில் 62 வயது முதியவரான தந்தையையே இரகசியப் பொலிசார் பிடித்து மொஸ்கோவின் லுபியான்காச் சிறைக்குக் கொண்டு போயினர். எதிரிகளுடன் தொடர்பு என்பது சந்தேகம். இரண்டு வாரங்கள் காவலில் வைத்து விசாரித்துவிட்டு விடுதலை செய்தனர். காது கேளாத ஒருவரை அவர்கள் எவ்வாறு விசாரித்திருப்பார்கள் என்பதை நம்முள் விசாரணை அறைகளைக் கண்டவர்கள் எண்ணிப் பார்க்கலாம். 1922இல் மகள் அன்னா காசநோயால் மறைந்தார். 1923இல் மகன் அலெக்சாந்தரும் தன் கையாலேயே உயிர் துறந்தான். ஏழு பிள்ளைகளில் தந்தைக்குப் பின் எஞ்சியவர்கள் இரு பெண்கள் மட்டுமே.

இந்தச் சாவுகளின் நடுவே, 1920இல் கலூகாவில் பூமிக்கு அப்பால் என்னும் அவருடைய புதினம் வெளியாயிற்று. கதை நடப்பது 2017ஆம் ஆண்டில். இமயமலையின் ஒதுக்கமான ஒரு மாளிகையில் பல நாட்டு அறிஞர்கள் கூடி வாழ்கின்றனர். நியூட்டன், கலிலியோ, லாப்லாஸ், ஹெல்ம்ஹோல்ட்ஸ், பிராங்கிளின் என்பன அவர்களுடைய பெயர்கள். ருஷ்யரான ஒருவருக்கு மட்டும் இவானொவ் என்ற சாதாரணப் பெயர். அவர்கள் ரொக்கெட் செய்து வெளிக்குப் போகிறார்கள், தோட்டம் அமைக்கிறார்கள், பின்னர் பூமியிலிருந்து மக்கள் கூட்டமாகக் குடிபெயர்ந்து வருகிறார்கள். அங்கே குளிர் இல்லை, பசி இல்லை, வெள்ளம் இல்லை. எவருக்கும் ஊரின் நினைவு பெரிதாக வருவதும் இல்லை. புதினமாக அதனை மதிப்பிட்டால் பலவீனமானது என்றே சொல்வேன். பாத்திரங்கள் பேசுவதெல்லாம் பாடம். ஆனால் அது எழுதப்பட்ட வீட்டை அறிந்து வாசிப்பவருக்கு அந்தக் குறைபாடே வேறு பொருள் தரும். குளிரும் பசியும் மரணமும் வாயிலில் நின்ற காலத்தில் அவை ஒன்றும் எட்டாத வீட்டை ஒருவர் அறை அறையாகக் கட்டிக்கொண்டிருந்தார்.

அவருடைய கனவின் இருண்ட பக்கத்தையும் மறைத்தல் கூடாது. தம் செலவில் அச்சிட்ட சிறு நூல்களில், மனித குலம் விண்ணை நிரப்புமுன் தன்னைத் தானே தெரிவு செய்து திருத்திக்கொள்ள வேண்டும் என்று எழுதினார். குறைபாடுடையோர் மகப்பேறு இன்றியிருத்தல் நன்று, தாழ்ந்த உயிர்கள் நோவின்றி முடிந்துபோதல் நன்று, பூரணமானோரே பெருக வேண்டும். துன்பத்தை உலகிலிருந்தே ஒழித்துவிட வேண்டும் என்ற ஆவேசம்தான் அவரை அங்கே இழுத்துச் சென்றது. ஆயினும் அந்தத் தெரிவுக் குழுவின் முன் காது கேளாத, பள்ளியிலிருந்து நின்றுவிட்ட, ஏழைச் சிறுவனொருவன் நின்றிருந்தால் அவனுக்கு என்ன தீர்ப்புக் கிடைத்திருக்கும்? புதிய வீட்டுக்குள் யாரை அனுமதிப்பது என்று மேசைக்கு அப்பால் அமர்ந்து முடிவு செய்கிறவர்களை நேரிற் கண்ட நம் வாசகருக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. அவர் அதைத் தம்மிடமே கேட்டுக்கொண்டதாக அவருடைய நூல்கள் காட்டவில்லை.

வெளியில் நெடுநாள் வாழ்ந்தவர்கள் மனத்தைப் பற்றியும் சொல்லி வைத்திருக்கிறார்கள். 1982இல் சல்யூத் 7இல் 211 நாட்கள் இருந்த லெபெதெவின் நாட்குறிப்பில் களைப்பும் சலிப்பும் உடன் இருந்தவருடன் ஏற்பட்ட மனக்கசப்பும் பதிவாகியுள்ளன. அவருக்கு ஆறுதலாக அமைந்தவற்றுள் அங்கு வளர்த்த செடிகளும் உண்டு. ஒட்சிசனுக்காகவும் உணவுக்காகவும் சியோல்கோவ்ஸ்கி கேட்ட தோட்டம் வேறொரு பசிக்கும் உதவிற்று. அரிசோனாக் கண்ணாடி வீட்டின் எட்டுப் பேரும் நான்கு நான்கு பேராக இரண்டு கட்சியாகப் பிரிந்தனர்.

செர்கேய் கிரிக்காலெவின் கதை நம்மவர்க்கு நெருக்கமானது. 1991 மே மாதம் சோவியத் ஒன்றியத்தின் பிரசையாக மீர் நிலையத்துக்குச் சென்றார். சில மாதங்களில் திரும்பியிருக்க வேண்டியவரின் தங்கல் நீடிக்கப்பட்டது. அவர் மேலே சுற்றிக்கொண்டிருக்கையில் அவர் பிறந்த லெனின்கிராட் நகரின் பெயர் மாறியது. டிசெம்பரில் அவரை அனுப்பிய நாடே இல்லாமற் போனது. 1992 மார்ச் 25ஆம் திகதி அவர் வந்து இறங்கிய கசக்ஸ்தான் அப்போது வேறொரு சுதந்திர நாடு.

சியோல்கோவ்ஸ்கியின் கடைசி ஆண்டுகள் ஓரளவு வசதியானவை. புதிய அரசு 1921இல் ஆயுட்கால ஓய்வூதியம் வழங்கியது. 1932இல் அவருடைய 75ஆவது பிறந்தநாள் அரச மரியாதையுடன் கொண்டாடப்பட்டது. பதக்கமும் வந்தது. ஓர் அரசு அவரைச் சிறையில் வைத்துப் பதின்மூன்று ஆண்டுகளில் அதே அரசு அவரைத் தன் பெருமைகளில் ஒன்றாக்கிக்கொண்டது. விண்பயணம் பற்றிய திரைப்படமொன்றுக்கு ஆலோசகராக இருந்து, 1933இல் அதற்கெனப் பல வரைபடங்கள் தீட்டினார். இரட்டைக் கதவறையும், மிதக்கும் மனிதர்களும், தோட்டமும் அவற்றில் உள்ளன. படம் திரைக்கு வந்தபோது அவர் இல்லை. வயிற்றுப் புற்றுநோயால் 1935 செப்டெம்பர் 19ஆம் திகதி, தமது 78ஆவது பிறந்தநாளுக்கு இரண்டு நாட்களின் பின் காலமானார். கலூகாவிலேயே அடக்கம் செய்யப்பட்டார். வர்வாரா 1940 வரை உயிரோடிருந்தார்.

அவர் புதினத்தில் குறித்த 2017 வந்தபோது, சர்வதேச விண்வெளி நிலையத்தில் மனிதர்கள் இடையறாது வாழத் தொடங்கிப் பதினேழாவது ஆண்டு. அவ்வாண்டு செப்டெம்பரில் பூமிக்குத் திரும்பிய பெகி விட்சன் என்னும் அமெரிக்கப் பெண்மணி தம் பயணங்கள் அனைத்திலுமாக 665 நாட்களை வெளியில் கழித்திருந்தார். கூட்டமாகக் குடிபெயர்ந்தவர் எவருமில்லை. போனவர்கள் எல்லோரும் திரும்பி வருவதற்கென்றே போனார்கள்.

கலூகாவின் மரவீடு 1936இல் நினைவில்லமாயிற்று. 1941இன் இறுதியில் சில வாரங்கள் நகரம் ஜெர்மானியப் படைகளிடம் இருந்தபோது அது சேதமுற்றது. பின்னர் திருத்தப்பட்டது. அவருடைய வேலைக் கருவிகளும், தகரத்தில் தாமே செய்து காதில் வைத்துக் கேட்ட நீண்ட ஊதுகுழல்களும் அங்கே உள்ளன. குழலின் அகன்ற வாயைப் பேசுபவர் பக்கம் திருப்பிப் பிடித்துக்கொண்டு அவர் கேட்பாராம். மாடிக்கு ஏறிச் சென்றால், வெள்ளத்தின் பின் வைத்த அந்தச் சிறு கதவு இருக்கிறது. தெளிந்த இரவுகளில் அதைத் திறந்து, சிறு தொலைநோக்கியோடு அவர் கூரைக்குப் போவது வழக்கம்.